காதுக்குள் வைக்கும் மெசின், அளவெடுத்துச் செய்விப்பது: அம்மாவுக்கு எந்த வகை? (திருகோணமலை)

நிலாவெளி_மகள்:

வணக்கம். அம்மாவுக்குக் காது கேட்க உதவும் மெசினை, காதுக்குள் வைக்கும் வகையில் அளவெடுத்துச் செய்விப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த வகை என்பதில்தான் தடுமாற்றம். விபரத்தை முழுதாகத் தருகிறேன்.

வயது 68. ஓடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், டெசிபல் கூடக் கூடக் கேள்வி குறைவு) வலக்காது: 250 ஹேர்ட்ஸில் 25 டெசிபல், 500 இல் 30, 1000 இல் 45, 2000 இல் 55, 4000 இல் 65, 8000 இல் 70. இடக்காதும் 5 டெசிபல் வித்தியாசத்துக்குள் இதே கோடுதான். எலும்பு வழிக் கேட்டலும் இதனோடு ஒட்டியே போகிறது. செவிப்பறை அழுத்தச் சோதனை சரி. சீழ், வலி, தலைச்சுற்று எதுவும் இல்லை. சத்தம் கேட்கிறது, சொல் விளங்குதில்லை என்பதுதான் அவரின் முறைப்பாடு.

எந்நேரமும் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். பின்னேரத்தில் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார், எல்லாரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு மேலே ஏறிப் போவார், நன்றாக வியர்க்கும். விரல் மூட்டுகளில் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது.

மூன்று வகை காட்டினார்கள். காதுக் குழாய்க்குள் முழுக்க ஒளிந்துவிடும் சிஐசி, குழாயின் வாயில் நிற்கும் ஐரிசி, காதுமடல் குழியில் பாதியை நிரப்பும் ஹாஃப் ஷெல். அம்மாவுக்குச் சிஐசியில்தான் விருப்பம், வெளியே தெரியாது என்பதால். நான் கேட்க நினைப்பது: சொகுசுக்கும் சத்தத்தின் தரத்துக்கும் எது நல்லது? சொந்தக் குரல் பானைக்குள் கதைப்பது போல் கேட்கும் என்கிறார்களே, அதைத் தவிர்க்க முடியுமா? மெசின் செய்வதற்கான காதின் அச்சை இங்கேயே எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால் பிழையாகிவிடுமா?

செவிவழி:

உங்கள் அம்மாவின் ஓடியோகிராமில் என் கண் முதலில் போனது 250, 500 ஹேர்ட்ஸ் பக்கம். அங்கே 25, 30 டெசிபல். தாழ்ந்த சுருதிச் சத்தங்களை அவர் இன்னும் கிட்டத்தட்ட இயல்பாகவே கேட்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட காதை இறுக்கி அடைத்தால் எவ்வளவு விலை கொடுத்த மெசினும் அவருக்குப் பிடிக்காது. ஆகவே முதற் கேள்வி மெசினின் வெளி ஓட்டில் போடும் காற்றுத்துளை எவ்வளவு பெரிது என்பது. அந்தத் துளைக்கு இடம் கொடுக்கக்கூடிய வகை எதுவோ அதுதான் அவருடைய வகை.

பானைக்குள் கதைப்பது போன்ற உணர்வு எப்படி வருகிறதென்றால், நாம் கதைக்கும்போது தாடையும் மண்டையோடும் அதிர்ந்து, காதுக் குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கான குருத்தெலும்புச் சுவரை அதிரவைக்கின்றன. காது திறந்திருந்தால் அந்தத் தாழ்ந்த சத்தம் வெளியே ஓடிவிடும். அடைத்தால் உள்ளேயே நின்று செவிப்பறையில் மோதும். 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே 20 டெசிபல், சிலருக்கு அதற்கும் மேலே கூடும். அம்மாவிடம் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு “ஈ…”, “ஊ…” என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு “ஆ…” என்று. ஈயும் ஊவும்தான் மண்டைக்குள் முழங்கும், ஆவில் அவ்வளவு இராது. இந்தச் சோதனையை மெசின் வந்த பிறகும் செய்யவேண்டி வரும், மறந்துவிடாதீர்கள்.

துளை அளவுக்குப் பொதுவாகக் கைக்கொள்ளும் முறை: 250, 500 இல் 20 டெசிபலுக்குள் கேட்கிறவர்களுக்கு 3 மில்லிமீற்றரோ முழுத் திறப்போ வேண்டும். 20 முதல் 40 வரை என்றால் 2 மில்லிமீற்றர் அளவு. 50ஐத் தாண்டினால் 1 மில்லிமீற்றரோ அதற்கும் குறைவோ போதும். அம்மாவுக்கு 2க்குக் குறையக் கூடாது. துளையின் நீளமும் கணக்கில் வரும். ஒரே விட்டமுள்ள துளை குட்டையாக இருந்தால் கூடுதலாகத் திறந்தது போல வேலை செய்யும், நீண்டால் பலன் குறையும். ஓடரில் விட்டத்தை மட்டும் எழுதிவிட்டுச் சிலர் ஏமாறுவது இதில்தான்.

இனிச் சிஐசிக்கு வருவோம். அந்தச் சின்ன ஓட்டுக்குள் ரிசீவர் (சத்தத்தைக் காதுக்குள் விடும் குட்டி ஸ்பீக்கர்), 10 ஆம் இலக்கப் பற்றரி, மின்சுற்று எல்லாம் போக, துளைக்கு மிஞ்சுவது அநேகமாக 1 மில்லிமீற்றர்தான். பெண்களின் குழாய் பெரும்பாலும் ஒடுக்கமாக இருக்கும், அதனால் இன்னும் கஷ்டம். மைக் ஒன்றுதான் வைக்கலாம். முன்னால் இருப்பவரின் குரலை முன்னுக்கெடுத்துப் பக்கத்து இரைச்சலைக் குறைக்க இரண்டு மைக் வேண்டும், அதற்கு முகப்பில் இடம் வேண்டும். ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து கதைக்கும் அறைக்கு அது பெரிய வித்தியாசம். போனோடு நேரடியாக இணைவதும் பெரும்பாலான சிஐசியில் இராது.

சிஐசிக்கும் நியாயமாகச் சொல்லவேண்டிய நன்மை உண்டு. மைக் குழாய்க்குள் இருப்பதால் காதுமடல் தன் இயல்பான வேலையைச் செய்யும், சத்தம் முன்னாலா பின்னாலா என்பது நன்றாகப் பிடிபடும். காற்று இரைச்சலும் குறைவு. கச்சான் வீசும் மாதங்களில் கடற்கரை வீதியில் நடப்பவருக்கு அது பெரிய ஆறுதல். ஹாஃப் ஷெல்லில் இந்த நன்மைகள் முழுதாக இல்லை, ஆனாலும் காதுக்குப் பின்னால் மாட்டுவதைவிடக் காற்று குறைவாகவே அடிக்கும்.

காதுக் குழாயின் உட்பக்க எலும்புப் பகுதி வரை மெசின் ஓட்டினை நீட்டி அங்கே அடைத்தாலும் குரல் முழக்கம் குறையும், ஏனென்றால் எலும்புச் சுவர் அப்படி அதிராது. ஆனால் அங்கே தோல் மிக மெல்லியது, அச்சில் மயிரிழை பிசகினாலும் வலிக்கும். 68 வயதில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தெரிவு: இரண்டு மைக் உள்ள ஹாஃப் ஷெல், அல்லது குழாய் அகலம் இடம் கொடுத்தால் பெரிய ஐரிசி. துளை 2 மில்லிமீற்றர். மெசின் கூவுவதை (விசில் போலச் சத்தம் வருவதை) அடக்கும் ஏற்பாடு இப்போதைய மெசின்களில் நன்றாக வேலை செய்வதால், 4000 இல் 65 டெசிபல் இழப்புக்கு இந்தத் துளையோடும் போதிய சத்தம் கொடுக்கலாம்.

அச்சுக்கை:

துளை பற்றி மேலே சொன்னது சரி. அச்சு பிழைத்தால் அதெல்லாம் வீண் என்பதால் அச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

தங்கச்சி, அச்சை எந்த ஊரில் எடுக்கிறார்கள் என்பது பெரிய விசயமில்லை. எடுக்கிறவரும், மெசினைப் பொருத்தி, பிழை வந்தால் பொறுப்பேற்கிறவரும் ஒருவராக இருக்கவேணும், அதுதான் முக்கியம். இங்கே ஒருவர் எடுத்து, கொழும்பில் இன்னொருவர் பொருத்தினால், இறுகும்போது ஆளை ஆள் காட்டுவார்கள். நீங்கள் 260 கிலோமீற்றர் அலையவேண்டி வரும்.

அச்செடுக்கும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கோ. முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்க்கவேணும். குறும்பி இருந்தால் எடுத்த பிறகே அச்சு. வீட்டில் எண்ணெய் விட்டுக்கொண்டு போகவேண்டாம். அடுத்து நூல் கட்டிய சின்னப் பஞ்சுத் தடையை உள்ளே வைப்பார்கள். அது குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி உட்காரவேணும், குழாயின் அகலத்தை முழுக்க மூடவேணும். சிறிய தடை வைத்தால், அச்சுக்காக ஏற்றும் சிலிக்கன் களி அதைத் தாண்டி ஓடிச் செவிப்பறையில் ஒட்டும், பிறகு வைத்தியசாலைக்குத்தான் போகவேணும். தடை வைத்த பிறகு திரும்பவும் விளக்கால் பார்க்காமல் சிலிக்கனை ஏற்றுகிறவரிடம் அச்செடுக்கவே வேண்டாம்.

ஏற்றும்போது ஊசியின் நுனி எப்போதும் சிலிக்கனுக்குள் புதைந்தபடியே மெல்ல வெளியே வரவேணும். நடுவில் இழுத்துவிட்டால் காற்றுக் குமிழி, மடிப்புக் கோடு விழும். குழாய், பிறகு மடல் குழி, கடைசியில் மேல் மடிப்பு. நிரம்பிய பிறகு உள்ளங்கையால் அமத்தக் கூடாது, அமத்தினால் மடலின் மெல்லிய இடம் விரிந்து ஓடு பெரிதாக வரும், ஒரு மணித்தியாலத்தில் நோகத் தொடங்கும். சிலிக்கனைப் பொறுத்து நாலைந்து நிமிடத்தில் இறுகும். எடுத்ததும் உள்ளே துண்டு எதுவும் தங்கவில்லையா என்று மறுபடி பார்க்கவேணும்.

இனித் தாடை. அம்மா தன் சின்னி விரலைக் காதுக்குள் மெல்ல வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து மூடட்டும். சுவர் நகருவது விரலுக்குத் தெரியும். சிலருக்கு நன்றாகவே நகரும். அப்படியானவருக்கு வாயை மூடியபடி எடுத்த அச்சில் செய்த மெசின், கதைக்கும்போதும் சாப்பிடும்போதும் தளர்ந்து கூவும், மெல்ல மெல்ல வெளியே வரும். பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் நாள் முழுக்க வாய் திறக்கிறவர். ஆகவே பற்களுக்கு நடுவே சின்னக் கட்டை வைத்து, வாய் திறந்தபடி ஒரு அச்சு எடுக்கச் சொல்லுங்கோ. மூடியபடி இன்னொன்றும் எடுத்து இரண்டையும் அனுப்பினால் இன்னும் நல்லது. பல் செட் போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டுதான் அச்சுக்கு இருக்கவேணும். பிறகு புதிதாகச் செட் கட்டினால் தாடையின் இருப்பு மாறி, நன்றாக இருந்த மெசினும் தளரும். உடம்பு நிறைய மெலிந்தாலும் அப்படித்தான்.

கையில் வாங்கிப் பாருங்கோ. நல்ல அச்சில் இரண்டு வளைவும் தெளிவாகத் தெரியும், நுனியில் பஞ்சுத் தடையின் தடம் நேராகப் பதிந்திருக்கும், குமிழி இராது. இரண்டு மைக் மெசின் என்றால் முகப்பில் கிடைக்கோடு ஒன்று கீறவேணும், அம்மா நேராக நிமிர்ந்து இருக்கும்போது. அந்தக் கோடு இல்லாவிட்டால் மைக் இரண்டும் சாய்வாக அமைந்து, முன்பக்கக் குரலைப் பிடிக்கும் திறன் கெட்டுவிடும். ஓடரில் ரிசீவரின் வாய் செவிப்பறையை நோக்கி இருக்கவேணும் என்றும் எழுதச் சொல்லுங்கோ. குழாய்ச் சுவரை நோக்கினால் சத்தம் திரும்பி வந்து கூவும், குறும்பியும் அதில்தான் முதலில் அப்பும்.

அனுப்பும்போது கடினமான பெட்டி, அமுக்காமல். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வைக்கக் கூடாது.

நிலாவெளி_மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்குப் பல் செட் இருக்கிறது, கீழ் வரிசை மட்டும். சொல்லாமல் விட்டிருப்பேன்.

இன்னொன்று. பற்றரியா, சார்ஜ் செய்வதா? இந்த ஊர் ஈரலிப்புக்கும் உப்புக் காற்றுக்கும் காதுக்குள் இருப்பது எவ்வளவு காலம் தாங்கும்?

பற்றரிக்கதவு:

விரல் மூட்டுப் பிடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பற்றரி அளவு இங்கே சின்ன விசயம் அல்ல. 10 ஆம் இலக்கம் மஞ்சள் ஸ்டிக்கர், 5.8 மில்லிமீற்றர் விட்டம், ஒரு மிளகுக்குக் கொஞ்சம் மேலே. நாள் முழுக்கப் போட்டால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். 312 மண்ணிறம், 7.9 மில்லிமீற்றர் விட்டம், ஒரு வாரம் அளவில் வரும். 13 செம்மஞ்சள், விட்டம் அதேதான், தடிப்பு 5.4, பத்து முதல் பதினான்கு நாள். போனில் இருந்து நேராகச் சத்தம் வாங்கினால் எல்லாமே குறையும். அம்மாவுக்கு 13 அல்லது 312. நுனியில் காந்தம் உள்ள குச்சி கேளுங்கள், பழையதை எடுக்கவும் புதியதை வைக்கவும் உதவும்.

சார்ஜ் செய்யும் வகை விரலுக்கு மிகச் சுலபம், இரவில் பெட்டிக்குள் வைத்தால் போதும். கவனிக்க வேண்டியது இரண்டு: உள்ளே இருக்கும் லித்தியம் பற்றரியை வீட்டில் மாற்ற முடியாது, சில வருடத்தில் தளர்ந்தால் மெசினையே அனுப்பவேண்டும். அடுத்தது மின்வெட்டு. தன் பெட்டிக்குள்ளேயே மின்சாரம் சேமித்து வைக்கும் சார்ஜர் உள்ள மொடலாகப் பாருங்கள்.

சாதாரண பற்றரி காற்றை உள்ளே எடுத்துத்தான் வேலை செய்கிறது. ஸ்டிக்கரை உரித்ததும் கதவுக்குள் போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே விடுங்கள், காற்று உள்ளே போகட்டும். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம் வேண்டாம், வெளியே எடுக்கும்போது நீர் படியும். மாரிக்காலத்தில் வாடைக் காற்றோடு ஈரலிப்பு ஏறும்போது அதே காற்றுத் துளைகளால் ஈரம் உள்ளே போய்ப் பற்றரி சீக்கிரம் சாகும். வருடத்தின் மற்ற மாதங்களைவிடச் செலவு கூடினால் மெசின் பழுது என்று பயப்பட வேண்டாம்.

காதுக்குள் இருக்கும் மெசினைக் கெடுப்பவை மூன்று: குறும்பி, வியர்வை, தூள். சத்தம் படிப்படியாக மங்கினால் அநேகமாகக் குறும்பித் தடுப்பு அடைத்திருக்கும். ரிசீவர் வாயில் கடுகளவு வெள்ளை வளையம் தெரியும், அதுதான் தடுப்பு. அதை மாற்றும் குச்சிக்கு இரண்டு முனை உண்டு. வெறும் முனையைத் தடுப்பில் குத்தி நேராக இழுத்தால் பழையது வரும், குச்சியைத் திருப்பிப் புதியது இருக்கும் முனையை நேராக அமத்தினால் பொருந்தும். சரித்து இழுத்தால் வளையம் உள்ளே முறிந்து நிற்கும். குண்டூசி விட்டுக் கிளறினால் ரிசீவரின் மெல்லிய தகடு கிழியும், அதற்குக் கொழும்புதான். ஒரு கொம்பனியின் தடுப்பு இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டுமென்றில்லை, ஆகவே வாங்கும்போதே அந்த மொடலுக்குரிய தடுப்பு நாலைந்து பக்கெற் சேர்த்து வாங்கிவையுங்கள்.

இரவில் கழற்றியதும் துடைத்து வைத்து, தூரிகை பிடிப்பதைக் காலையில் செய்யுங்கள். காய்ந்த குறும்பி தானாக உதிரும், ஈரமாக இருக்கும்போது தூரிகை அதை உள்ளே தள்ளிவிடும். ரிசீவர் வாய் கீழே பார்க்கப் பிடித்துத் தட்டுங்கள். மைக் துளைக்கும் அப்படியே, முகப்பைக் கீழே பிடித்துக்கொண்டு தூரிகை. காற்றுத்துளைக்குத் தனியாக நைலோன் நூல் தருவார்கள், ஒரு பக்கத்தால் விட்டு மறுபக்கத்தால் இழுக்கவேண்டும். 2 மில்லிமீற்றர் துளை குறும்பியால் அடைத்துவிட்டால் பானைக் குரல் திரும்ப வந்துவிடும், பலர் அதை மெசின் பழுது என்று நினைப்பார்கள்.

கோயிலுக்குப் போகிறவர் என்பதால் இதையும் சொல்லவேண்டும். திருநீறு பூசிய விரலோடு மெசினைத் தொட்டால் மைக் துளையில் தூள் ஏறும், குரல் அடைத்துக் கேட்கும். பூசிக் கையைத் துடைத்த பிறகு தொடட்டும். எண்ணெய் முழுக்கு நாளில் காது நன்றாகக் காயும் வரை மெசின் வேண்டாம். முகப்பவுடருக்கும் தலைமயிருக்குப் பூசும் மைக்கும் அப்படியே. மேலே ஏறி வந்ததும் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் மெசினையும் காதுமடல் குழியையும் ஒற்றிவிட்டுப் போடலாம். ஐபி 68 (தூசியும் தண்ணீரும் தாங்கும் தரக் குறியீடு) என்று அட்டையில் இருந்தால் கடலில் குளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. அது நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. உப்பும் வியர்வையும் வேறு கதை.

இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, பற்றரியை வெளியே எடுத்து, மெசினை மட்டும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிப் போத்தலில் வையுங்கள். பற்றரியையும் சேர்த்து வைத்தால் அது காய்ந்துபோகும். மணிகள் செம்மஞ்சளில் இருந்து பச்சையாகவோ, நீலத்தில் இருந்து இளஞ்சிவப்பாகவோ மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம், மாத்தூள் துளைக்குள் போகும். வெயிலும் வேண்டாம்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகள் பற்றரியை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மூதூர்க்கரை:

எல்லாரும் காதுக்குள் இருப்பதற்குள்ளேயே நிற்கிறீர்கள். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். 250, 500 இல் இவ்வளவு நன்றாகக் கேட்கிறவருக்கு, காதுக்குப் பின்னால் மாட்டி மெல்லிய வயரில் ரிசீவர் மட்டும் உள்ளே போகும் ஆர்ஐசிதான் இயல்பான பொருத்தம். மெல்லிய குடை போன்ற நுனி, காது திறந்தே இருக்கும், குரல் முழக்கம் பெரும்பாலும் வராது. ரிசீவர் பழுதானால் கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் கழற்றிப் புதியது போடலாம். அளவெடுத்துச் செய்த மெசினில் ரிசீவர் போனால் முழு மெசினும் போகவேண்டும், அத்தனை நாளும் அம்மா ஒரு காதோடு இருப்பார். கண்ணாடித் தண்டோடு இடிபடும் என்பது பெரும்பாலும் முதல் வாரத்துக் கதை, ஆர்ஐசியின் உடல் மெல்லியதுதான்.

பின்னால் இந்தத் திரியை வாசிக்கிறவர்களுக்கும் ஒன்று: காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காதில் ஒப்பரேசன் செய்தவர்கள் காதுக்குள் அடைக்கும் மெசினைத் தாமாகத் தெரிவு செய்யக் கூடாது. அச்செடுப்பதற்கு முன்னரே காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்டவேண்டும். ஓரிரு நாளில் திடீரெனக் கேள்வி குறைந்தால் மெசின் கடைக்குப் போகாமல் அன்றே வைத்தியசாலைக்கு.

செவிவழி:

மூதூர்க்கரை சொல்வதை நான் மறுக்கவில்லை. இந்த ஓடியோகிராமுக்கு ஆர்ஐசி சரியான தெரிவுதான், வெறும் சத்தத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் அதற்கே கை கூட உயரும். ஆனால் விரல் பிடிப்பு உள்ளவருக்கு இரண்டு துண்டை ஒன்றாகக் கையாள்வது, முதலில் பின்னால் மாட்டி, பிறகு வயரை வளைத்து நுனியை உள்ளே தள்ளுவது, அதுவும் கண்ணாடியைக் கழற்றும்போது மெசினும் சேர்ந்து வந்து விழுவது, இவை தினசரிப் பிரச்சினைகள். ஹாஃப் ஷெல் ஒரே துண்டு, பிடிக்க இடம் இருக்கும். முடிந்தால் அம்மாவின் கையில் இரண்டையும் கொடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாமல் மூன்று தடவை போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். எதை அவரால் தனியாகப் போட முடிகிறதோ அதைத்தான் அவர் போடுவார்.

பொருத்தும் நாளுக்கு வருகிறேன். கணினியில் மொடலைத் தெரிவுசெய்து “முதற் பொருத்தம்” என்ற பட்டனை அழுத்திவிட்டு அனுப்பினால் ஏற்காதீர்கள். மெல்லிய சிலிக்கன் குழாய் ஒன்றை மெசினோடு சேர்த்துக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குக் கிட்ட உண்மையில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்று அளப்பார்கள். மெல்லிய குரல், சாதாரணக் குரல், உரத்த குரல் மூன்றுக்கும் தனித்தனியாக அளக்கவேண்டும். சாதாரணக் குரல் என்பது 65 டெசிபல் அளவு. 2 மில்லிமீற்றர் துளையால் எவ்வளவு வெளியே ஓடுகிறது என்பது இதில்தான் தெரியும், மென்பொருள் போடும் கணக்கு ஒவ்வொரு காதுக்கும் ஒத்துவராது. இந்த அளவைக் கருவி இருக்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன்னரே கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு ஈயும் ஊவும். மெசின் ஓடும்போது “ஈ” முழங்கினால், மெசினைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் முழங்கினால் அது அடைப்பு, துளையைப் பெருப்பிக்க வேண்டும் அல்லது குட்டையாக்க வேண்டும். ஓடும்போது மட்டும் முழங்கினால் தாழ்ந்த சத்தம் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்கள், கணினியிலேயே குறைக்கலாம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் அடைப்புக்கு மருந்தாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், கடைசியில் பேச்சே விளங்காத மெசின் ஒன்றுதான் மிஞ்சும்.

சொல் விளங்குகிறதா என்று பார்க்க, நீங்கள் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, வாயை ஒரு கடதாசியால் மறைத்து, சாதாரணக் குரலில் கடை, தடை, படை, சடை என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். முதல் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. அந்த எழுத்தைப் பிரித்துக் காட்டும் சத்தங்களில் பெரும்பகுதி உயர்ந்த அதிர்வில் இருக்கிறது, அம்மாவுக்குக் குறைவாக இருப்பதும் அங்கேதான். சடையைப் படை என்று கேட்டால் எந்தச் சொல் எப்படி மாறியது என்று எழுதிக் கொண்டுபோங்கள். “சரியாக விளங்குதில்லை” என்று சொல்வதைவிட அந்தத் தாள் பொருத்துகிறவருக்கு எத்தனையோ மடங்கு உதவும்.

நோவுக்கும் இப்படியே. முதல் நாள் இரண்டு மணித்தியாலம் போட்டுக் கழற்றியதும் காதுமடலை விளக்கில் பாருங்கள். சிவந்த தடம் எந்த இடத்தில் என்று போனில் படம் எடுங்கள். அரை மணித்தியாலத்தில் மறைந்தால் பழகும். மறையாவிட்டால் அந்த இடத்தில் ஓட்டினைக் கொஞ்சம் தேய்த்து மெருகிடவேண்டும், சில நிமிட வேலை. வீட்டில் அரம் பிடிக்க வேண்டாம், ஓடு ஒரு மில்லிமீற்றர் கூடத் தடிப்பில்லை. தளர்ந்து கூவினால் மேலே பூசித் தடிப்பாக்கலாம், அல்லது புது அச்சில் ஓட்டினைத் திரும்பச் செய்யலாம். எத்தனை நாளுக்குள் செலவில்லாமல் திரும்பச் செய்து தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நிலாவெளி_மகள்:

ஆர்ஐசி, ஹாஃப் ஷெல் இரண்டையும் அம்மாவின் கையில் கொடுத்துப் பார்க்கிறேன். ஹாஃப் ஷெல் என்றால், விரல் பிடிப்போடு போடுவதற்கு இலகுவாக ஓடரில் எதையாவது கேட்டு வாங்கலாமா?

அச்சுக்கை:

கேட்கலாம். மேல் மடிப்புக்குள் கொளுவி நிற்கும் கொம்பு போன்ற பகுதியை வேண்டாம் என்று எழுதுங்கோ, விரல் இறுகினவர்களுக்கு அதை உள்ளே திருகிவிடுவதுதான் மிகக் கஷ்டம், நோவும் முதலில் அங்கேதான் வரும். இழுக்கும் நைலோன் நூல் போடச் சொல்லுங்கோ. சத்தம் கூட்டிக் குறைக்கும் பட்டன் முகப்பில் புடைத்திருக்கவேணும். வலதில் சிவப்பு, இடதில் நீல அடையாளம் பெரிதாக.

போடும்போது கட்டிலில் இருந்து, மடியில் துவாய் விரித்து. வலக்காதுக்கு வலக்கையால் மெசினைப் பிடித்து, இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து மடலை மேலேயும் பின்னேயும் மெல்ல இழுத்தால் குழாய் நேராகும். நுனியைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து உள்ளே விட்டு, பின்னுக்குத் திருப்பினால் தானாக உட்காரும். வாயை ஒருதரம் திறந்து மூடச் சொல்லுங்கோ. எடுக்கும்போது நூலை மட்டும் பிடித்து இழுக்காமல், முதலில் காதுக்குப் பின்னால் கீழிருந்து மேலே தள்ளிவிட்டால் இறுக்கம் விடும், அதன் பிறகு நூல்.